கைப்பிடிச் சுவர் குட்டையான கதை: பொறியாளர் ஷேக் தாவூது அவர்களுக்கு எம் பாராட்டு மடல்

காளவாசல், வைகைக்கரை அடுக்ககப் பராமரிப்பு ஆலோசனை மையத்தில் முப்பத்தோராண்டு முதுகு வளையாமல் முறையாகப் பணியாற்றி, இன்று ஓய்வு காணும் முதுநிலைப் பொறியாளர் உயர்திரு ஷேக் தாவூது அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து அளிக்கும் மடல்.

கூரையேறிக் குறை கண்ட கோமானே! சுவர் தட்டிச் சுகம் விசாரித்த சீலரே! விரிசலின் வேரறிந்த வித்தகரே! ஒழுகும் வீட்டார் உள்ளமெல்லாம் உலர வைத்த உத்தமரே!

இந்த நான்கு விளிகளைக் கேட்கும்போதே தங்கள் வலக்கை சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடுவதை மேடையில் நிற்கும் நாங்கள் பார்க்கிறோம். தேட வேண்டாம் ஐயா. அந்தப் பேனாவைக் காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டோம். "மிகப் பெரிய விரிசல்" என்று அறிக்கையில் எழுதிக்கொண்டு வந்தவர்களிடம் "மிகப் பெரியதுன்னா எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டுக் கேட்டே எங்கள் அடைமொழிகளையெல்லாம் உதிர்த்துவிட்டவர் தாங்கள். இன்று ஒரு நாள் மட்டும் பொறுத்தருள வேண்டுகிறோம். அதற்கு ஈடாக, நாங்களும் முடிந்தவரை அளவுகளோடே பேசுகிறோம்.

முப்பத்தோராண்டில் தாங்கள் பார்த்த கட்டடங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் லிஃப்ட் இருந்தவை பாதிக்கு மேல். தாங்கள் லிஃப்டில் ஏறியது எங்களுக்குத் தெரிந்து ஒரு தடவைகூட இல்லை. படியேறினால்தான் ஒரு கட்டடத்தின் உடம்பு தெரியும் என்பது தங்கள் கட்சி. கூடவே ஏறிய எங்கள் முழங்கால்களுக்கு அதில் உடன்பாடு இருந்ததா என்று தாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பெயின்ட் அடிப்பதைப் பழுதுபார்ப்பு என்று யாராவது சொன்னால் மட்டும் தங்கள் முகம் மாறும். காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி அனுப்புவதா என்று கேட்பீர்கள். ஏசிக் குழாய்க்காகத் தூணில் ஓட்டை போட்டிருந்த வீட்டில், தந்த காபியைக் குடிக்காமல் திரும்பி வந்தீர்கள். அந்தக் காபி நல்ல காபி என்பதை உடன்வந்து குடித்த சின்னக்கருப்பன் இன்றும் சொல்கிறார்.

மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் குளியலறைக் கசிவுக்காக ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த கதையை இங்கே பலர் அறிவர். தாங்கள் போய் மேல்வீட்டுக் குளியலறையில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழ்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு நாள் ஆகியும் கூரையில் நீலம் வரவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டுச் சுவருக்குள்ளேயே ஓடிய அவர்களுடைய சொந்தக் குழாயைத் திறந்து காட்டினீர்கள். ஆறு வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அந்த வீட்டுக்காரர் விழித்த விழியை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. தாங்கள் சிரிக்கவில்லை. மேல்வீட்டுக்கு அவரைக் கையோடு அழைத்துப்போய்விட்டுத்தான் செருப்பை மாட்டினீர்கள்.

இத்தகைய பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனால் இந்த மடல் தங்களுக்குப் பிடிக்காது. தங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் எப்போதும் குறைகள்தான் இருக்கும். நல்லதெல்லாம் பின்னால் வரும். கடைசிப் பக்கத்தின் அடியில், இந்த ஊரில் வேறெந்தப் பொறியாளரின் அறிக்கையிலும் நாங்கள் பார்த்திராத ஒரு தலைப்பும் இருக்கும்: "முன்பு நாங்கள் தவறாகச் சொன்னது." பெரும்பாலும் அதன் கீழே "ஏதுமில்லை" என்றுதான் இருக்கும். இருந்தாலும் அந்தத் தலைப்பை நீக்கத் தாங்கள் ஒப்பியதில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு வெளிப்படையாகவா என்று வியப்பார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் தாங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

ஆகவே, இனிவரும் பகுதி தங்களுக்கானதன்று, சபையோருக்கானது. தாங்கள் கொஞ்ச நேரம் வேறு யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபையோரே! மூன்றாண்டுக்கு முன் ஒரு புரட்டாசி மாதம். பழங்காநத்தத்தில் செங்கதிர்க் குடியிருப்பு என்று ஒன்று; தரையோடு சேர்த்து நான்கு தளம், பதினாறு வீடு. சங்கச் செயலாளர் பீமாராவ், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருப்பதே உண்மை என்று வாழ்ந்தவர். மேல்தளத்தில் மழைக்கு ஒழுகுகிறது, மொட்டைமாடியில் இன்னொரு வரிசை ஓடு பதிக்க ஆள் பேசியாயிற்று, சும்மா வந்து ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவர் மையத்துக்குப் போன் செய்தார். தாவூது சார் எங்கள் முத்துக்குமரனை அழைத்துக்கொண்டு போனார்.

மாடியில் பதினாறு வீட்டுக்கும் பதினாறு பிளாஸ்டிக் தொட்டி. பொதுத் தொட்டித் தண்ணீருக்காக என்றோ நடந்த சண்டையின் நினைவுச் சின்னங்கள் அவை. தாவூது சார் அவற்றைச் சுற்றிக்கொண்டு நாலு மூலையும் நடந்தார். தெற்கே வந்ததும் இளைப்பாறலாம் என்று கைப்பிடிச் சுவரின்மேல் முழங்கையை ஊன்றப் போனார். முழங்கை வெறுங்காற்றில் இறங்கியது. விழாமல் பிடித்துக்கொண்டு பார்த்தால், சுவர் ஒரு சாண் கீழே இருந்தது.

அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன் இதே இடத்தில், இதே சுவரில் முழங்கையை வைத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறார். அன்று சுவர் சரியான உயரத்தில் இருந்தது. சுவர் குட்டையாகாது. அப்படியானால் தளம் உயர்ந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து மொட்டைமாடிகளின் வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காங்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டை ஓடு பதிப்போம். வெயிலைத் தாங்கும், மழையை வழித்துவிடும். ஒழுகத் தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, தேவையானால் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பெயர்ப்பது தூசி, சத்தம், தலைவலி. அதனால் பழைய ஓட்டின்மேலேயே இன்னொரு வரிசை போட்டுவிடுவார்கள். ஒழுகல் ஒரு மழைக்காலம் நிற்கும்; வீட்டுக்குத் தொப்பி வைத்ததுபோல் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். மறுபடி ஒழுகும்போது அதன்மேல் இன்னொரு தொப்பி.

முத்துக்குமரன் உளியால் கை நுழையும் அளவுக்கு ஒரு குழி பறித்தார். ஓடு, ஜல்லி, மறுபடி ஓடு, ஜல்லி, மூன்றாவதாகவும் ஓடு, ஜல்லி, அதன் பிறகுதான் காங்கிரீட். மிகையாக இருந்த இரண்டு வரிசைகளின் கனம் எட்டு அங்குலம். ஒரு படுக்கையறையின் தலைக்குமேல் மட்டும் நாலு டன். நாலு காரை மாடியில் ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள் என்று வையுங்கள்.

அந்தக் கட்டில் தங்கப்பொண்ணு டீச்சருடையது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். சொந்தமாக ஒரு வீடு என்பது அந்தக் குடும்பத்தில் டீச்சர் வாங்கிய இந்த மேல்தளத்து வீடுதான். படுக்கையறைக் கதவு நாலு வருடமாகச் சரியாகச் சாத்துவதில்லை, ஆசாரி இரண்டு தடவை இழைத்தும் பயனில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தாவூது சார் சிரிக்கவில்லை. ஸ்டூலில் ஏறிச் சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டினார். நல்ல காங்கிரீட் டங்கென்று பதில் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்து விட்டுப்போன காங்கிரீட் பொத்தென்று முனகும். ஜன்னலோரம் டங். நடு அறையில் டங். கட்டிலுக்கு நேர்மேலே பொத்.

இதற்குமேல்தான் கதையே. கீழே சங்க அறைக்கு வந்ததும் பீமாராவ் பெருமையோடு சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் மஞ்சளடித்த ஒரு கடிதம். "பாய், உங்க லெட்டரைத்தான் நாங்க வேதவாக்கா வச்சிருக்கோம். மூணாவது வரிசைகூட உங்க லெட்டரைப் பாத்துத்தான் போட்டோம். உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு கூப்பிடல."

தாவூது சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பழைய ஓட்டின் மேலேயே மற்றுமொரு வரிசை பதித்துக்கொள்ளலாம்." கீழே அவருடைய கையெழுத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்த நாள் அவருக்குத் தெளிவாக நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அது ஐந்தாவது கட்டடம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழேயிருந்து கூரையின் ஈரக்கறையை அண்ணாந்து பார்த்தார், மேலே போய் டீ குடித்தார், எழுதிக் கொடுத்துவிட்டார். குழி பறித்துப் பார்க்கவில்லை. இதை நினைத்ததும் மறுபடி மாடியேறினார். மூலையில் பாதி புதைந்து கிடந்த மழைநீர்க் குழாயின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டார். கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் அரசமர வேர் கையில் பட்டது. நேற்று முளைத்த வேரில்லை அது. அன்றைக்கும் தண்ணீர் வடியாமல் தேங்கியதற்கு அதுதான் காரணம். பத்து நிமிடத்தில் பிடுங்கிப் போட்டிருந்தால் இரண்டாவது வரிசைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு காலை குடியிருப்போர் கூட்டம். நாலாவது வரிசை போடுவதா, எல்லாவற்றையும் பெயர்ப்பதா என்று அதில் முடிவாக வேண்டும். பெயர்ப்பதென்றால் மேல்தளத்தார் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டும்; தொட்டிகள் இறங்க வேண்டும்; மழைக்காலம் முழுக்கக் கூரைக்கு இரும்பு முட்டுக் கொடுத்து வைத்திருந்து தை மாதம்தான் வேலை தொடங்க முடியும். யாருக்கும் இனிக்கிற செய்தி இல்லை. சொல்கிறவர் சொல்லுக்கு மதிப்பிருந்தால்தான் நடக்கும்.

நாங்கள் எல்லோரும் துணைக்குப் போயிருந்தோம். கூட்டத்துக்கு முன் அவர் மொட்டைமாடியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு இறங்குகையில், முதல் மாடிப் படியில் வைத்து அவருடைய கையைப் பிடித்தோம். எல்லோருக்குமாகப் பேசியது முத்துக்குமரன். "சார், மூணாவது வரிசையைப் பத்திச் சொல்லுங்க. அவங்களா போட்டது அது. ரெண்டாவதை மட்டும் விட்டுருங்க சார். இதே மாதிரி நீங்க எழுதிக் குடுத்த லெட்டரு இன்னும் பதினோரு கட்டடத்துல இருக்கு. அன்னைக்குச் சொன்னது தப்புன்னா, இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படிக் கேப்பாங்க? கேக்கலைன்னா அந்த டீச்சரு அந்தக் கட்டில்லதான் படுக்கும்."

சபையோரே, அது கோழைகளின் பேச்சில்லை. நாங்கள் இன்றும் அதைக் கொஞ்சம் நியாயமென்றே நினைக்கிறோம். தாவூது சாரும் அப்படித்தான் நினைத்தார். நான்கு நாளாக அவரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் அந்தப் பெண்மணி கூரைக்குக் கீழே இருப்பார். சொல்லாவிட்டால் கடிதம் சரியென்றே சுவரில் தொங்கும்; மூன்றாவதைப் பெயர்த்துவிட்டு, கடிதத்தில்தான் இருக்கிறதே என்று இரண்டாவதை விட்டுவைப்பார்கள்; பாதிச் சுமை அங்கேயே இருக்கும். அன்று காலை பள்ளிவாசலில் இருந்து திரும்பியவர், துணைவியார் ஷாஹீதா அம்மையாரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அம்மையார் இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். தவறாகச் சொன்னால் திருத்தட்டும். ஆப்பத்தைத் திருப்பிக்கொண்டே அவர் கேட்டது இவ்வளவுதானாம்: "அந்த டீச்சரம்மா கட்டிலுக்கு மேலதானே அது? அப்புறம் உங்களுக்கு என்ன யோசனை?"

வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பீமாராவ் ஆதாரத்துக்கு இருக்கட்டுமென்று அந்தக் கடிதத்தைச் சட்டத்தோடு கழற்றிவந்து மடியில் வைத்திருந்தார். தாவூது சார் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"பதினஞ்சு வருசத்துக்கு முன்னால நான் எழுதிக் குடுத்தது தப்பு. ஓட்டைப் பேக்காம, ஒண்ணும் பாக்காம எழுதுனேன். மேலயே பதிங்கன்னு நான் சொல்லலைன்னா நீங்க பதிச்சிருக்க மாட்டீங்க. மூணாவது வரிசையும் என் லெட்டராலதான் வந்துச்சு. மூணு வரிசையையும் எடுக்கணும். மேல்தளத்துல இருக்கவங்க இந்த வாரமே காலி பண்ணணும்."

முத்துக்குமரன் சொன்னபடியே நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை வருடம் இவரை நம்பியா தூங்கினோம் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஓடு பதிக்கிறவரையே கேட்டுக்கொள்ளலாம் என்று போனை எடுத்தார். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். பீமாராவ் மடியில் இருந்த சட்டத்தைப் பார்த்தபடி குனிந்த தலை நிமிராமல் இருந்தார். நாங்கள் பின்னால் நின்று, இதற்குத்தானே சொன்னோம் என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம்.

அப்போது தங்கப்பொண்ணு டீச்சர் இருந்த இடத்திலேயே கேட்டார். வகுப்பில் கேட்கிற குரல். "சார், அன்னைக்கும் நீங்க தெரிஞ்சுக்கிட்டுத் தப்பாச் சொல்லல. சரின்னு நெனைச்சுத்தான் சொன்னீக. இன்னைக்கும் சரின்னு நெனைச்சுத்தான் சொல்றீக. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை வச்சு நான் வீட்டைக் காலி பண்ண?"

தாவூது சார் கைப்பையைத் திறந்து அந்தச் சின்னச் சுத்தியலை எடுத்தார்.

"என்னை நம்பாதீங்கம்மா. அன்னைக்கு நான் தட்டிப் பாக்காம சொன்னேன், அதான் வித்தியாசம். நீங்களே தட்டிப் பாருங்க. வேற ஒரு இஞ்சினியரை நீங்களா கூப்பிட்டும் காட்டுங்க. நான் கூட இருக்க மாட்டேன்."

டீச்சர் சுத்தியலை வாங்கிக்கொண்டு படியேறினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். எழுந்து போன இருவரும் என்ன நடக்கிறதென்று பார்க்கத் திரும்பி வந்து ஏறினார்கள். அறுபது வயதைத் தாண்டிய அந்தப் பெண்மணி கட்டிலின்மேல் ஸ்டூலைப் போடச் சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி நின்றார். ஜன்னலோரம் எட்டித் தட்டினார்: டங். நேர்மேலே தட்டினார்: பொத். இன்னொரு தடவை தட்டினார். அரிசி மணி அளவுக்குத் துரு அவருடைய நெற்றியில் உதிர்ந்தது. அதைத் துடைக்காமலே இறங்கி, சுத்தியலைப் பீமாராவிடம் கொடுத்தார். அவர் தட்டினார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் தட்டினார்கள். அந்த அறையில் அப்புறம் வாக்குவாதமே இல்லை.

டீச்சர்தான் முதலில் பேசினார். "எங்க அப்பன் ஓலைக்கூரைக்குக் கீழ பயமில்லாமப் படுத்து எந்திரிச்சாரு. நான் காங்கிரீட்டுக்குக் கீழ பயந்துக்கிட்டுப் படுக்க மாட்டேன். நாளைக்கே காலி பண்றேன் சார்."

மறுநாள் அவர் காலி செய்தார். அந்த வாரத்துக்குள் மேல்தளத்து மற்ற மூன்று வீட்டாரும் கிளம்பினார்கள். வேறு ஊரில் இருந்து வந்த பொறியாளர் ஒருவர் தனியாகப் பார்த்துவிட்டு, தாவூது சாரைவிடக் கடுமையாகவே எழுதிக் கொடுத்தார். பதினாறு தொட்டியும் இறங்கின. அந்த மழைக்காலத்தில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை அந்தக் கட்டடத்தின் வரலாறு அறிந்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள். தை மாதம் பெயர்த்து இறக்கிய ஓடும் ஜல்லியும் ஐம்பத்திரண்டு டிராக்டர் சுமை. கட்டிலுக்கு மேலே இருந்த கம்பிகளில் பாதி, விரலால் தொட்டதும் உதிர்ந்தன. புதிய கம்பி சேர்த்து, கூரையைக் கெட்டிப்படுத்தி, ஒரே வரிசை ஓட்டைத் தண்ணீர் வடிய வாட்டமாகப் பதித்து, குழாய் வாய்க்குச் சல்லடை மாட்டினோம். டீச்சர் பங்குனியில் வீடு திரும்பினார். படுக்கையறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று குழந்தைபோல் போன் செய்து சொன்னார். அதையும் அறிக்கையில் சேர்க்கலாம் என்றோம். சுமை குறைந்ததால் சாத்தியதா, மழை நின்று மரம் காய்ந்ததால் சாத்தியதா என்று நிரூபிக்க முடியாது என்று தாவூது சார் மறுத்துவிட்டார்.

பீமாராவிடம் அந்தப் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடச் சொன்னார். தபால் இலாகாக்காரர் அதற்கு ஒப்பவில்லை. ஆவணத்தை அழிக்கலாகாது என்றார். சட்டத்தைக் கழற்றி, கடிதத்தை மேஜையில் விரித்து, சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தார். தாவூது சார் கடிதத்தின் குறுக்கே "தவறு. பெயர்த்த பிறகே பதிக்க வேண்டும்" என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். அது மறுபடி அதே சட்டத்துக்குள் போய் அதே ஆணியில் தொங்குகிறது. பழங்காநத்தம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

மற்றப் பதினோரு கட்டடங்களுக்கும் அவரே போனார். யாரையும் அனுப்பவில்லை, போனில் சொல்லவில்லை. பதினோரு இடத்திலும் அதே வார்த்தைகளைச் சொன்னார். இரண்டு இடத்தில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் அதன்பின் எங்களைக் கூப்பிட்டதில்லை. ஒன்பது இடத்தில் குழி பறிக்க விட்டார்கள். நான்கில் இரட்டை வரிசை இருந்தது. நான்கும் இன்று ஒற்றை வரிசை. பதினோராவது கட்டடத்தில் இருந்து திரும்பிய மாலை, அறிக்கைப் படிவத்தில் புதிதாக ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்லித் தட்டச்சுக்குக் கொடுத்தார். அந்தத் தலைப்பைத்தான் முன்பே சொன்னோம்.

இனி மறுபடி தங்களிடம் வருகிறோம், ஐயா.

பிழையே செய்யாதவரைப் பாராட்டுவது எளிது. அப்படி ஒருவரோடு வேலை பார்ப்பது சிரமம். செய்த பிழையைத் தேடிப்போய்த் திறந்து காட்டிய ஒருவரோடு வேலை பார்த்தோம் என்பதே எங்கள் பெருமை. தங்களை நாங்கள் நேசிக்கிறோம். இதை அறிக்கையில் எழுத முடியாது என்பதால் மடலில் எழுதுகிறோம். நாளை முதல் மாடிப்படியில் தங்கள் செருப்புச் சத்தம் முன்னே போகாது என்பதை நினைக்கவே எங்களுக்கு என்னவோ போலிருக்கிறது.

முழங்கால் மூட்டுகளில் துருவேறாது, நெஞ்சில் விரிசல் காணாது, வெயில் தாங்கி மழை வழித்த நல்ல கூரையாய்த் தங்கள் குடும்பத்தார் தலைக்குமேல் நெடுங்காலம் நிழல் தந்து நிற்பீராக! ஷாஹீதா அம்மையாரின் ஆப்பம் ஆறுமுன்னே உண்ணும் காலைகள் ஆயிரமாயிரம் அமைவதாக! வேலை நிமித்தமன்றி வெறுமனே மாடியேறி, முழங்கையை முறையான உயரத்துச் சுவரில் ஊன்றி, ஆற அமர ஒரு டீ குடிப்பீராக!

இந்த மடலையும் சட்டமிட்டே தருகிறோம். ஆனால் பின்பக்கத்தை ஆணியடித்து மூடவில்லை. கழற்றித் திருத்துவதற்கு வசதியாகக் கொக்கி வைத்திருக்கிறோம். காலையில் எடுத்த சிவப்புப் பேனா அதிலேயே செருகியிருக்கிறது. நல்ல அறிக்கைக்கு உள்ளதுபோல் இதற்கும் ஒரு கடைசித் தலைப்பு உண்டு. அதை "ஏதுமில்லை" என்று விட எங்களுக்கு மனம் வரவில்லை.

முன்பு நாங்கள் தவறாகச் சொன்னது: "ரெண்டாவதை மட்டும் விட்டுருங்க சார்."

சொன்ன இடம்: செங்கதிர்க் குடியிருப்பு, முதல் மாடிப் படி.

திருத்தம்: தங்கப்பொண்ணு டீச்சர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்ஙனம்,
பிழையை ஒப்பிக் கையொப்பமிடும் தங்கள் பணித்தோழர்கள்,
முத்துக்குமரன், பவதாரிணி, சின்னக்கருப்பன், இதை எழுதி வாசித்த கனகா.